அம்மா வூட்ல இல்ல

மே மாதம் பிறந்துவிட்டால் ராயபுரம் பனமரத்தொட்டியில் ரேச்சல் வீட்டில் மீன் கிடையாது. கூப்பிடு தூரத்தில் காசிமேடு. காலை ஏலம் முடிந்து சங்கராவும் காரப்பொடி மீனும் கூடைகூடையாய்த் தெருவோடு போகும். பக்கத்து வீடுகளில் வஞ்சிரம் பொரியும். இங்கே மட்டும் சாம்பார், ரசம், அப்பளம். "இன்னாமே இது, ஆஸ்பத்திரி சோறா?" என்று புருஷன் கஸ்பார் தட்டைப் பார்த்துக் கேட்பான். அவளுக்குப் பதில் சொல்லவும் நேரமிருக்காது. அவள் தைக்கிற வெள்ளை நெட் துணி இருக்கிறதே, அது எந்த வாசனையைப் பிடித்தாலும் விடாது. போன வருஷம் ஒரு பிள்ளையின் ஃபிராக்கில் கவலை மீன் வாசனை ஏறிவிட்டது. கோயில் பீடத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தியோடு நின்ற பிள்ளையைப் பின்னால் நின்றவள் மூக்கைப் பிடித்துக் கிண்டல் செய்தாளாம். அந்தப் பிள்ளையின் அம்மா இன்றுவரை ரேச்சலைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

புதுநன்மை என்றால் அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் சின்னக் கல்யாணம். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் முதல்முறையாக நற்கருணை அப்பத்தை நாக்கில் வாங்குகிற நாள். பையன்களுக்கு வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை. கடையில் வாங்கினால் தீர்ந்தது. பெண் பிள்ளைகள் பாடுதான் பெரும்பாடு. கணுக்கால் வரை ஃபிராக், அதற்குள் சாட்டின் லைனிங், விறைப்பாக நிற்க அதற்குள் இன்னொரு நெட், தலைக்கு முக்காடு, கைக்கு உறை. இடுப்புப் பட்டையில் முத்து வைப்பதா, பூ வைப்பதா என்று தொடங்கிப் பேச்சுவார்த்தையே நின்றுபோன வீடுகள் உண்டு. இந்த வருஷம் ரேச்சலிடம் பதினொரு ஃபிராக். பன்னிரண்டாவது அவள் மகள் அக்ஸிலியாவுடையது.

அதை அவள் எல்லாவற்றுக்கும் முன்னால், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்திலேயே தைத்து முடித்துவிட்டாள். தைக்கிறவள் தன் பிள்ளையைக் கடைசியில் நிறுத்திவிட்டாள் என்று யாரும் நாக்கின்மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது. பாலிதீன் உறைக்குள் அது சுவரில் தொங்கியது. வந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் ஆர்டரே கொடுத்தார்கள். மனசு உறுத்தும்போதெல்லாம் ரேச்சல் அதைத்தான் நிமிர்ந்து பார்ப்பாள். என் பிள்ளைக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று கேட்டுக்கொள்வாள். அந்த மாதம் அப்படி அடிக்கடி நிமிர்ந்து பார்க்கவேண்டியிருந்தது.

அவள் வீட்டில் தைக்க உட்கார்ந்ததே பிள்ளைக்காகத்தான். அதற்கு முன்னால் ஏழு வருஷம் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருந்தாள். ஏழு வருஷமும் காலர் மட்டும்தான். தான் தைத்த காலர் முழுச் சட்டையில் எப்படி உட்காருகிறது என்பதைக் கூட அவள் பார்த்ததில்லை. அக்ஸிலியாவுக்கு நாலு வயதில் ஒருநாள் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்துவிட்டது. பால்வாடியிலிருந்து போன்மேல் போன். வேலை நேரத்தில் போனை வாங்கிப் பூட்டிவைக்கிற கம்பெனி அது. ஆறு மணிக்குக் கையில் கொடுத்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் எதிர்வீட்டு ஜன்னத். மறுநாளே ரேச்சல் வேலையை விட்டாள். கஸ்பார் எர்ணாவூர் கன்டெய்னர் யார்டில் டிரெய்லர் ஓட்டுகிறவன். ஹார்பர் கேட்டில் வரிசை நின்றுவிட்டால் இரண்டு நாள் கழித்துத்தான் வீடு. அவன் குறை ஒன்றும் சொல்லவில்லை. எங்கேயோ தேடி ஒரு பழைய மிஷினை வாங்கி, மோட்டார் மாட்டி, தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். முதலில் புடவைக்கு ஃபால்ஸ், பிறகு ஜாக்கெட், பிறகு இந்த ஃபிராக். வேலை சுத்தம் என்று கோயில் வட்டாரத்தில் பெயர் பரவிவிட்டது.

பத்துக்குப் பத்து அறை. மே மாதம் முழுக்கத் தரையில் ஒரு வெள்ளைப் பெட்ஷீட் விரித்திருக்கும். வெட்டினது, தைத்தது, பாதி தைத்தது எல்லாம் அதன்மேல்தான். லாரிப் புழுதி வெள்ளைத் துணியைக் கண்டால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும் என்று ஜன்னல் சாத்தியே கிடக்கும். நெட் பறக்கும் என்பதால் ஃபேன் பேருக்குச் சுற்றும். ஷீட்டை யாரும் மிதிக்கக் கூடாது. அக்ஸிலியா சுவரோரமாகக் காலைப் பக்கவாட்டில் வைத்துவைத்துச் சமையலறைக்குப் போவாள். சாப்பாடு வெளிப்படிக்கட்டில். மாங்காய்ப் பத்தையும் மிளகாய்த்தூளும் தெருமுனையோடு சரி. "கையக் கழுவினியா?" என்பதுதான் அந்த மாதத்தில் ரேச்சல் மகளிடம் அதிகமாகப் பேசிய பேச்சு. கழுவிக் கழுவி அந்தக் கை எப்போதும் சோப்பு வாசனை அடித்தது.

நாள் நெருங்க நெருங்க வாசலில் ஆள் வரத்து கூடியது. முத்து வேண்டாம் பூ வை என்பாள் ஒருத்தி. பிள்ளை இளைத்துவிட்டது, பிடித்துக் கொடு என்பாள் இன்னொருத்தி. எழுந்து பதில் சொல்லப் போனால் அரைமணி நேரம் போச்சு. அப்படி ஒரு நாள்தான் ரேச்சல் மகளைக் கூப்பிட்டு, "அம்மா வூட்ல இல்லன்னு சொல்லிடு, கண்ணு" என்றாள். ஒரு தடவைக்கு என்றுதான் சொன்னாள். அதற்குப் பிறகு சொல்லவே வேண்டியிருக்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் உள்ளே மோட்டார் நிற்கும். படிக்கட்டில் அக்ஸிலியா எழுந்து நிற்பாள்.

தெருக்கோடியில் இட்லிக் கடை வைத்திருக்கும் சிலுவையம்மாளிடம்தான் அது செல்லுபடியாகவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகள் ரோஸ்மின். அவள் ஃபிராக்கின் ஃபிரில்லை மூன்று முறை மாற்றச் சொல்லியிருந்தாள். அன்றைக்கு ரேச்சல் மிஷினிலிருந்து காலை எடுக்க ஒரு நொடி தாமதமாகிவிட்டது.

"அம்மா வூட்ல இல்ல, ஆன்ட்டி."

"இல்லியா? அப்போ உள்ள மிஷின ஓட்னது யாரு, மாதாவா?"

அக்ஸிலியா கண்ணைக்கூட இமைக்கவில்லை. "ஜன்னத் ஆன்ட்டி."

"ஜன்னத்து எப்போ மிஷினு கத்துகினா?"

"நேத்து."

சிலுவையம்மாள் கதவையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வந்தா சொல்லு. ஃபிரில்லு ரெண்டு அடுக்கு பத்தாது, மூணு" என்று சொல்லிப் போனாள். உள்ளே ஷீட்டின் ஓரத்தில் காலை மடக்கி முத்துக் கோத்துக்கொண்டிருந்த ஜன்னத் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ரேச்சலும் சிரித்தாள். என்ன சமர்த்து என்று மகளைப் பற்றி அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இதை நினைத்தால்தான் பிற்பாடு அவளுக்கு உடம்பு கூசும்.

புதன்கிழமை சாயந்திரம். ஞாயிறு புதுநன்மை, சனிக்கிழமை நாலு மணிக்குப் பிள்ளைகள் எல்லோருக்கும் முதல் பாவசங்கீர்த்தனம்; செய்த பாவத்தை ஃபாதரிடம் சொல்லி மன்னிப்பு வாங்கவேண்டும். படிக்கட்டிலிருந்து வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்தில் குரல் வந்தது.

"சுவாமி, என்னை ஆசீர்வதியும், ஏனென்றால் நான் பாவி. இதுதான் என் முதல் பாவசங்கீர்த்தனம்."

ஜன்னத் ஊசியை நிறுத்தினாள். "இன்னாடி இது? ஒம்போது வயசுல இன்னா பெரிய பாவம் பண்ட்ட?"

"சிஸ்டரு எழுதிகினு வரச் சொன்னாங்க, ஆன்ட்டி. எத்தினி தபான்னும் போடணுமாம்."

"நீயே எழுதணுமா? எங்களுக்கு ரெண்டு தோள்லயும் மலக்கு, உங்க ஏஞ்சலு மாதிரி, உக்காந்துகினு அதுங்களே எழுதிக்கும். நம்ம கைல பென்சிலு குடுக்க மாட்டாங்க. எங்க, படி பாப்போம்."

அக்ஸிலியா நோட்டைப் பிரித்தாள். "அம்மா பேச்ச கேக்கல, பதினாலு தபா. ரோஸ்மின்ன பன்னு மூஞ்சின்னு சொன்னேன், ரெண்டு தபா. கோயில்ல பேசினேன், அது கணக்கே இல்ல. ஷீட்ட மிதிச்சேன், ஒரு தபா."

"அடிப்பாவி, எப்போ?" என்றாள் ரேச்சல், தலையைத் தூக்காமல்.

"முத்து ஒண்ணு உருண்டு வந்துச்சும்மா. எடுத்து வெக்க ஒத்த காலு மட்டும் வெச்சேன். கழுவிட்டுதான் வெச்சேன்."

"சரி சரி. அப்பால?"

"பொய் சொன்னேன், முப்பத்தியோரு தபா."

மோட்டார் நின்றது. "முப்பத்தொண்ணா? அவ்ளோ பொய்யி யாராண்ட சொன்ன நீ?"

"அதாம்மா. 'அம்மா வூட்ல இல்ல.'"

ஜன்னத் குனிந்து, கோத்த முத்தையே மறுபடி கோத்தாள். ரேச்சலுக்குக் காது சூடேறியது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மரத்தடுப்பு இருக்கிறது, ஃபாதர் முகத்தைப் பார்க்கமாட்டார் என்பதெல்லாம் சரி. ஆனால் இந்தப் பொய்யை எந்த வீட்டில் சொல்லியிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு நற்கருணை கொடுக்கும்போது பின்னால் நிற்கும் தாயை ஒரு பார்வை பார்க்கமாட்டாரா? பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்கினவள் என்று.

"அதப் போயி சொல்லுவியா நீ? அது பாவம்லாம் இல்ல. வேலைக்கோசரம் சொல்றது. அத அடிச்சிடு."

"ஒண்ணியும் மறைக்கக் கூடாதுன்னு சிஸ்டரு சொன்னாங்கம்மா."

"சிஸ்டரா வந்து பதினோரு ஃபிராக்கு தைக்கப் போறாங்க? அடின்னா அடி. பேஜாரு பண்ணாத."

படிக்கட்டில் நோட்டை மூடும் சத்தம் கேட்டது. ரேச்சல் காலை அழுத்தினாள், மோட்டார் ஓடியது. "கொழந்தடி அது" என்றாள் ஜன்னத் மெல்ல. ரேச்சலுக்குக் கேட்டது. கேட்காத மாதிரி ஃபிரில்லைச் சுருக்கிக்கொண்டே போனாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் முக்காட்டுக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். உதட்டில் நாலைந்து ஊசி. அக்ஸிலியா சுவரோரமாக வந்து நின்றாள்.

"ஏம்மா, ஒரு பாவத்த மறைச்சிட்டு நற்கருண வாங்குனா இன்னா ஆவும்?"

"ம்?"

"சாவான பாவமாம்மா? சிஸ்டரு சொன்னாங்க. நாக்குலியே எரியும்னு ரோஸ்மின் சொல்றா."

வாயில் ஊசியை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்ல முடியும்? அப்புறம் என்று கையைக் காட்டினாள். பிள்ளை கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. படிக்கட்டில் வைத்த தட்டில் ரசச்சோறு அப்படியே காய்ந்து கிடந்தது. வெயிலுக்குப் பசி மந்தம் என்று ரேச்சல் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த மாதத்தில் அவள் துணிக்கு அடுத்தபடி அதிகமாகக் கையாண்டது சமாதானங்களைத்தான்.

சனிக்கிழமை அக்ஸிலியா தலையைத் தானே வாரி, மற்ற பிள்ளைகளோடு கோயிலுக்குக் கிளம்பினாள். ரேச்சல் கூடப் போவதாகத்தான் இருந்தது. சிலுவையம்மாள் வீட்டு ஃபிராக்குக்குக் கொக்கி வைக்கவேண்டியது பாக்கி. கொக்கி வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்துவிடுகிறேன் என்றாள். "பரவால்லம்மா" என்றது பிள்ளை. முகம் வெளிறிக் கிடந்தது. புதுநன்மைக்குப் போகிற பிள்ளைக்குப் பயம் இருக்கத்தான் செய்யும்.

ஜன்னத் வந்து உட்கார்ந்தாள். முத்துப் பெட்டியை எடுக்கவில்லை.

"ரேச்சலு, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லுக்கா."

"நேத்து அசரு தொழுவைக்குக் கை காலு கழுவி ஒளு செஞ்சிகினு இருந்தேன். உம் பொண்ணு வந்து கொழாயாண்ட நின்னுகினு கீது. தண்ணி வேணுமாடின்னா, இல்லன்னு தலைய ஆட்டுது. அப்பால கேக்குது, 'ஆன்ட்டி, ஃபாதராண்ட சொல்லக் கூடாத பாவம் ஒண்ணு எனுக்குக் கீது. நீங்க தொழுவும்போது உங்க சாமியாண்ட சொல்லிடுறீங்களா? அவரு மன்னிச்சாலும் போதும்'னு."

ரேச்சல் கொக்கியைக் கீழே வைத்தாள்.

"சொல்றேண்டி கண்ணுன்னேன். அதோட வுடல. 'முப்பத்தியோரு தபா, மறந்துடாதீங்க ஆன்ட்டி'ங்குது." ஜன்னத் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நா சொல்லவும் சொன்னேன். உனுக்காகவும் சேத்துதான் கேட்டேன்."

ரேச்சல் எழுந்தாள். சட்டென்று எழுந்த வேகத்தில் வெள்ளை ஷீட்டின் நடுவில் காலை வைத்து நடந்தாள். மடியிலிருந்த ஃபிராக் தரையில் விழுந்ததை ஜன்னத்தான் எடுத்தாள். செருப்பைப் போட்டாளா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. சுடுகிற ரோட்டில் டிரெய்லர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க, அவற்றின் இடுக்கில் புகுந்து ஓடினாள். தன் மானத்துக்காகத்தான் பிள்ளை வாயைக் கட்டினோம், வேறு எதற்கும் இல்லை என்பது அந்த ஓட்டத்தில் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வேலைக்கோசரம் என்றது சுத்தப் பொய். அவளும் ஒரு நோட்டு போட்டு எழுதினால் முப்பத்தொன்றோடு நிற்காது.

கோயிலில் பாதிப் பிள்ளைகள் முடித்துவிட்டு முழங்காலில் இருந்தார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் நாலு பேர் வரிசையில். அக்ஸிலியா வரிசையில் இல்லை. மூன்றாவது தூணுக்குப் பக்கத்து பெஞ்சில் கண்ணை இறுக்க மூடி, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். ரேச்சல் மூச்சு வாங்க அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

பிள்ளை கண்ணைத் திறந்தது. "ஏம்மா வந்த? கொக்கி வெச்சிட்டியா?"

"அத வுடு. உள்ள போய்ட்டு வந்துட்டியா? அதச் சொன்னியா, சொல்லலியா?"

"எத?"

"அதாண்டி. அம்மா வூட்ல இல்லன்னது. மறைச்சிட்டியா? அம்மா சொன்னது தப்புடி கண்ணு. இப்போ வேணா திரும்பிப் போயி சொல்லு. நா ஃபாதராண்ட கேக்குறேன். எங்கம்மாதான் சொல்லச் சொன்னான்னு சொல்லு."

"வாணாம்மா." அக்ஸிலியா முகத்தில் நாலு நாளாக இல்லாத வெளிச்சம் இருந்தது. நோட்டுத்தாளை எடுத்துக் காட்டினாள். அந்த வரியை மட்டும் ஸ்கேல் வைத்து நேராக அடித்திருந்தாள். "நா மறைக்கல. அது பாவமே இல்லம்மா."

"இல்லியா?"

"வரிசைல நின்னுகினே சிஸ்டராண்ட கேட்டேன், பொய்யின்னா இன்னான்னு. கீறத இல்லன்னும், இல்லாதத கீதுன்னும் சொன்னாதான் பொய்யாம். அப்பால யோசிச்சிப் பாத்தேன்." பெரிய கணக்கு ஒன்றைப் போட்டு முடித்தவள் மாதிரி அவள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். "நீ வூட்ல இல்லதானம்மா? தச்சிகினுதான கீற. அப்போ நா உண்மைதான சொல்லிகினு இருந்தேன்?"

பிள்ளை குத்திக்காட்டவில்லை; குத்திக்காட்டியிருந்தால் ஒரு அறை வைத்து அழுதிருக்கலாம். அது சந்தோஷமாகச் சொல்கிறது. தன்னையும் அம்மாவையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்ட சந்தோஷம். கம்பெனியை விட்டு ஐந்து வருஷம் ஆகிறது. ஐந்து வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறாள். அந்த ஐந்து வருஷத்தைப் பிள்ளை ஸ்கேல் வைத்து அடித்துவிட்டது, அடித்ததில் தப்பும் இல்லை. ரேச்சல் அந்தச் சோப்பு வாசனைக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று இருந்தது.

"ஃபாதரு பாவப் பரிகாரமா மூணு அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னாரும்மா. ரெண்டு சொல்ட்டேன். ஒண்ணு பாக்கி."

"சொல்லு. அம்மாவும் சொல்றேன்."

இரண்டு பேரும் முழங்காலிட்டார்கள். பாதி மந்திரத்தில் பக்கவாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. சிலுவையம்மாள், முதலிலேயே முடித்துவிட்டு வாசலுக்குப் போயிருந்த ரோஸ்மினைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, பெஞ்சு பெஞ்சாகத் தேடினாள். யாரைத் தேடுகிறாள் என்று கேட்கவேண்டியதில்லை.

ரேச்சலுக்கு முன்னால் அக்ஸிலியா பார்த்துவிட்டாள். செருப்புச் சத்தத்துக்குப் பழகின காது. "தூணு பின்னால போம்மா" என்று கிசுகிசுத்து, அம்மாவின் முழங்கையைப் பிடித்துத் தள்ளினாள். பழக்கதோஷம், ரேச்சலும் எழுந்து தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டாள். ஒதுங்கின பிறகுதான் என்ன செய்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

அக்ஸிலியா கவுனின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டு நடுவழியில் போய் நின்றாள்.

"எங்கடி உங்கம்மா? கோயிலுக்கு ஓடுச்சின்னு ஜன்னத்து சொல்றா. நாளைக்குக் காலைல என் பொண்ணு எதப் போட்டுக்கும்?"

"அம்மா..." என்று ஆரம்பித்தாள் அக்ஸிலியா.

அம்மா இங்கே இருக்கிறாள். மூன்று முழத்தில் நிற்கிறாள். இந்தப் பிள்ளை இப்போது சொல்லப்போவது அதன் கணக்கிலேயே பொய். எல்லாவற்றையும் கழுவிவிட்டு வந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை. மந்திரம் பாதியில் நிற்கிறது. நாளைக்கு நற்கருணை வாங்கப்போகிற நாக்கால் முதல் பாவத்தை அம்மாவுக்காகச் செய்யப் போகிறது. கண்ணைக்கூட இமைக்காது, அவ்வளவு நன்றாகப் பழக்கியிருக்கிறாள்.

"கீறேன்க்கா!"

கோயில் என்பதை மறந்து குரல் பெரிதாக வந்துவிட்டது. வரிசையில் நின்ற பிள்ளைகள் திரும்பினார்கள். சிஸ்டர் உதட்டில் விரலை வைத்தார். ரேச்சல் தூணைச் சுற்றி வெளியே வந்து சிலுவையம்மாள் முன்னால் நின்றாள்.

"நா இங்கதான் கீறேன். உங்க ஃபிராக்கு இன்னும் முடியல. போன தபா, அதுக்கு முந்தின தபா, எல்லா தபாவும் நா வூட்லதான் இருந்தேன். நாந்தான் இல்லன்னு சொல்லச் சொன்னேன். நீங்க எதுவானாலும் என்னக் கேளுங்க."

சிலுவையம்மாள் கேட்டாள். கோயிலாச்சே என்று குரலைத் தணித்துக்கொண்டு, ஆனால் ஒன்றும் விடாமல் கேட்டாள். ரேச்சல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நடுவில் அக்ஸிலியா அவள் முந்தானையை இழுத்தாள். குனிந்தால், பிள்ளையின் கண் நிறையத் தண்ணீர்.

"ஏம்மா வெளிய வந்த?" என்று அது காதோரம் கேட்டது. "நா இல்லன்னு சொல்லியிருப்பேன்ல?"